தேவாலா, பந்தலூர் பழைய தங்கச் சுரங்கங்கள்: உள்ளே போகலாமா, எதைப் பார்க்கலாம்?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் தம் மகனையும் அவனுடைய நண்பர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்களுக்குள் சென்று பார்க்க எண்ணியிருக்கிறார். தலையில் மாட்டும் விளக்கு, கயிறு, தலைக்கவசம் எல்லாம் வாங்கியாயிற்றாம். உள்ளே எவ்வளவு தூரம் போகலாம், அங்கே இன்னும் தங்கம் இருக்கிறதா, அனுமதி யாரிடம் பெற வேண்டும் என்பவை அவருடைய மூன்று கேள்விகள். நான் கூடலூர் வட்டாரத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிகளில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் பெரும்பாலும் இந்தக் குன்றுகளைச் சுற்றியே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு உரிய விடை சிறியது: ஓரடி கூடப் போக வேண்டாம். அதிகாரிகள் தடுக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சுரங்கங்களைத் தோண்டிய கம்பெனிகளை எந்தப் பாறையும் எந்த மழையும் திவாலாக்கினவோ, அதே பாறையும் அதே மழையும்தான் இன்று உள்ளே நுழைகிறவருடைய உயிரையும் வாங்கக்கூடியவை. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் உள்ளே போகும் ஆசை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வெளியே பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியவரும்.

நீலகிரி என்றதும் ஊட்டி, குன்னூரின் உயர்ந்த மேட்டுநிலமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. இந்தச் சுரங்கங்கள் அங்கே இல்லை. மலையின் மேற்குச் சரிவில் இறங்கிக் கூடலூரைத் தாண்டினால் நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிற பூமி வயநாட்டின் தென்கிழக்குத் துண்டு. 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்து, அந்த ஆண்டில்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. மேலே உள்ள குளிர்ந்த சோலைகளும் புல்வெளிகளும் இங்கே இல்லை. ஒவ்வொரு குன்றின் அடியிலும் ஒரு சதுப்பு வயல், வயலை ஒட்டி ஓர் ஓடை, ஓடைகளில் பெரும்பாலானவை கூடி மேற்கே நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் போய்ச் சேர்வது என்பதுதான் இந்நிலத்தின் அமைப்பு. அந்த ஓடைகளின் மணலிலும் சாலியாற்றின் மணலிலும் பொன்துகள் உண்டு என்பது கம்பெனிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊரறிந்த செய்தி. பணியர்களும் குறும்பர்களும் மழை விட்ட பிறகு ஓடை மணலை மரத்தட்டில் அள்ளி அலசிப் பொன் எடுத்தார்கள். எடுத்ததன் பெரும்பங்கு அவர்களுக்கு மேலிருந்தவர்களுக்கே போயிற்று. மணலோடு அவர்கள் நிற்கவும் இல்லை. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்) பாறையைக் குடைந்து இறக்கிய செங்குத்துக் குழிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேய ஆய்வாளர்களே வியந்து குறித்திருக்கிறார்கள். 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தங்கம்' என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் பெருமையாகச் சொல்லும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவது இதனால்தான்.

ஆங்கிலேயர் இங்கே முதலில் நம்பியது காப்பியை. 1860-களில் தேவாலா, பந்தலூர் குன்றுகள் முழுவதும் காப்பித் தோட்டங்களாயின. பிறகு தண்டு துளைப்பான் என்ற பூச்சியும், 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்டுத் தென்னிந்தியாவுக்கும் பரவிய இலைத்துரு நோயும் சேர்ந்து அந்தத் தோட்டங்களைச் சீரழித்தன. கடனில் மூழ்கிய தோட்டக்காரர்களுடைய நிலத்தின் நடுவிலேயே பாறைக்குள் கோடாக ஓடும் வெள்ளை வெங்கச்சங்கல் வரிகள் முதுகெலும்பு போல் நீண்டு கிடந்தன. 1870-களின் நடுவில் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாவில் கல்லுடைக்கத் தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1875-இல் இப்பகுதியைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்து 1879-இல் இந்திய அரசு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் பிரோ ஸ்மித் என்பவரை வரவழைத்தது. அங்கே சுரங்கத் துறைச் செயலாளராக இருந்து, தமக்குக் கீழே வேலை செய்தவர்களோடு ஏற்பட்ட பிணக்கால் பதவியை விட்டவர் அவர். அவர் தந்த அறிக்கை நம்பிக்கை ததும்பியதாக இருந்தது. அது லண்டனில் அச்சான வேகத்தில் பங்குச் சந்தை கொதித்தது. ஏறத்தாழ 40 கம்பெனிகள், 50 லட்சம் பவுண்டு அளவில் பெயரளவு மூலதனத்தோடு ஓரிரு ஆண்டுகளுக்குள் பதிவாயின. பந்தலூரில் கடைகளும் விடுதியும் கொண்ட சிறு பட்டணம் முளைத்தது. கிளென்ராக், ரிச்மண்ட், ஃபீனிக்ஸ், பால்காரஸ், ரோட்ஸ் ரீஃப் என்று பெயர்கள் பெருகின. அவற்றில் கிளென்ராக், ரிச்மண்ட் என்பவற்றைப் பந்தலூர்க்காரர்கள் இன்றும் இடப்பெயராகச் சொல்கிறார்கள். அவை ஒரு காலத்தில் லண்டனில் கைமாறிய பங்குப் பத்திரங்களோடு தொடர்புடைய பெயர்கள் என்பது பலருக்கும் தெரியாது.

திரட்டிய பணத்தில் பெரும்பகுதி பாறையைத் தொடவே இல்லை. பட்டுப்போன காப்பித் தோட்டத்தைத் தங்க நிலம் என்ற பெயரில் எட்டாத விலைக்கு விற்றவரும், கம்பெனியைத் தொடங்கி வைத்த தரகரும் தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியதைக் கொண்டு இயந்திரங்களை மலைப்பாதைகளில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தி அரைத்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் கூலிக்கும் காணவில்லை. 1880-களின் முதல் பாதியிலேயே பெரும்பாலான கம்பெனிகள் கதவை மூடின. எச்சமாக நடந்தவையும் நூற்றாண்டு முடிவதற்குள் ஓய்ந்துபோயின. 1901-இல் நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்சும் எழுதிய அறிக்கை, எஞ்சியிருந்த நம்பிக்கைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. இதே ஆண்டுகளில், இதே போன்ற லண்டன் பணத்தில் தொடங்கிய கோலார் தங்கவயல் மட்டும் 1880-களில் செழிப்பான வரியைத் தொட்டு, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி, 2001 வரை உயிரோடு இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கோலாருக்குப் போன தமிழர்களின் வரலாறு பந்தலூரில் நடக்காமல் போனதற்குக் காரணம் பாறைதான்.

அந்தக் காரணத்தைக் கையில் பிடித்தே பார்க்கலாம். தேவாலாப் பக்கம் தேயிலைச் செடிகளுக்கு இடையே பழைய கல்குவியல் ஒன்றின் அருகில் நின்று ஒரு வெங்கச்சங்கல்லை எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் கல்லின் மேல் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் கறை இருக்கும். கறை அதிகமான இடத்தை உற்றுப் பார்த்தால் சிறுசிறு சதுரப் பள்ளங்கள் தெரியும். உளியால் செதுக்கியது போல ஓரம் நேராக, மூலை கூராக இருக்கும். உள்ளே மஞ்சள் காவிப் பொடி ஒட்டியிருக்கும். அந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் பைரைட் என்ற இரும்பு கந்தகக் கனிமத்தின் படிகம் உட்கார்ந்திருந்தது. ஆண்டுக்காண்டு பெய்த மழைநீரும் அதில் கரைந்து வந்த ஆக்சிஜனும் பல்லாயிரம் ஆண்டுகளில் படிகத்தைத் தின்று காவியாக்கிவிட்டன. பைரைட்டுக்குள் சிறைப்பட்டிருந்த நுண்ணிய தங்கம் மட்டும் துருப்பிடிக்காமல் தனித்து நின்றது. நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிய பாறையில் எல்லா இடத்திலும் இப்படித்தான்.

இதனால் மேற்பரப்புக் கல் இரண்டு விதமாகப் பொய் சொன்னது. சுற்றியிருந்த பாறை கரைந்து போய்விட்டதால் தங்கம் அங்கே செறிவாகத் தோன்றியது. தனித்து நின்றதால் எடுப்பதற்கும் எளிதாக இருந்தது. மாதிரி எடுக்க வந்தவர்கள் எட்டிய கல்லைத்தான் எடுத்தார்கள், அதிலும் அழகான கல்லைத்தான் எடுத்தார்கள். சுரங்கம் சில பத்தடி கீழே போய் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் காவிக் கறை மறைந்து, அழியாத பைரைட் பளபளத்தது. அன்றைய முறை இதுதான்: கனத்த இரும்பு உலக்கைகளை வரிசையாக மாட்டிய ஆலையில் கல்லை நீரோடு இடித்துக் கூழாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவார்கள். தனித் தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். பைரைட்டுக்குள் புதைந்த தங்கமோ ஒட்டாமல் கூழோடு ஓடைக்குப் போய்விடும். போதாததற்கு, கந்தகக் கனிமங்கள் பாதரசத்தையே கெடுத்துச் சிறு மணிகளாக உடைத்து, அதையும் அடித்துக்கொண்டு போகும். அத்தகைய கல்லிலிருந்தும் பொன்னைக் கரைத்தெடுக்க உதவிய சயனைடு முறை 1887-இல்தான் பிறந்தது. அப்போது பந்தலூரில் அநேகமாக எல்லாரும் கடையைக் கட்டியிருந்தார்கள்.

சயனைடு முன்பே வந்திருந்தாலும் இந்தச் சுரங்கங்கள் பிழைத்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஒரு டன் கல்லுக்கு மூன்று கிராம் தங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் வெங்கச்சங்கல் என்பது இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவான பக்கமுடைய ஒரு கனசதுரம். மூன்று கிராம் தங்கம் என்பது இரண்டு மூன்று மிளகு அளவு. அந்த மிளகும் ஒரே இடத்தில் இராது. கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கல் முழுவதும் சிதறிக் கிடக்கும். இந்த அளவிலும் இலாபம் காணக்கூடிய பெரிய சுரங்கங்கள் உலகில் உண்டு. ஆனால் அதற்கு வரி அகலமாகவும் அறுபடாமலும் ஓட வேண்டும். இங்கே வரிகள் ஓரிடத்தில் பருத்தும் அடுத்த இடத்தில் நூலாய் மெலிந்தும் போகின்றன. அவற்றுள் தங்கமும் திட்டுத்திட்டாகவே இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதிலேயே வந்துவிட்டது. தங்கம் இருக்கிறது, கூலிக்குக் கட்டுகிற மாதிரி இல்லை.

இப்போது சுரங்க வாயின் முன்னால் நிற்போம். குன்றின் பக்கவாட்டில் கிடையாகக் குடைந்த வழிகளே இங்கே அதிகம். ஓர் ஆள் குனிந்து நடக்கும் உயரம் இருக்கும். வாயில் பெரணிச் செடி தொங்கும், மேலிருந்து நீர் சொட்டும், சித்திரை வெயிலிலும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் படும். அந்தக் குளிர்ச்சியே ஆளை இழுப்பது. இளைஞர்களை இன்னும் வேகமாக இழுக்கும்.

நீங்கள் காணும் வாய்ப்பகுதி, நான் முன்பு சொன்ன உளுத்த பாறையில் குடைந்தது. நீரும் காற்றும் தின்ற அந்தப் பாறை, உருவத்தில் பாறையாகவும் வலிமையில் மண்ணாகவும் இருக்கிறது. நகத்தால் கீறினாலே உதிர்கிற இடங்கள் உண்டு. அன்று முட்டுக் கொடுத்த மரங்கள் நூறாண்டுக்கும் மேலான காலத்தில் செல்லரித்துப் போயின. தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் ஊர்களில் தேவாலா ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் சூரியனையே காணாமல் வாரக்கணக்கில் பெய்யும். ஒவ்வொரு பருவத்திலும் கூரையின் விரிசல்களில் நீர் இறங்கி, கோடையில் காய்ந்து, ஒட்டுப்பிடிப்பு இன்னும் கொஞ்சம் தளர்கிறது. நேற்று வரை நின்ற கூரை இன்றும் நிற்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மழை நின்ற பிறகு சரிவதும் சாதாரணம். தலைக்கவசம் ஒரு கல்லைத் தாங்கும், ஒரு வண்டி மண்ணைத் தாங்காது.

நீர் இன்னொரு வேலையும் செய்கிறது. கிடையாகக் குடைந்துகொண்டே போனவர்கள், வரி கீழ்நோக்கிச் சாய்ந்த இடங்களில் தரையிலேயே செங்குத்தாகக் குழி இறக்கினார்கள். கம்பெனி மூடியதும் அவை நிரம்பிவிட்டன. இன்று உள்ளே நடப்பவர் கண்ணுக்கு அது கணுக்கால் ஆழமுள்ள தேங்கிய நீர் போலத்தான் தெரியும். விளக்கு வெளிச்சம் கலங்கிய நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுமே தவிர ஆழத்தைக் காட்டாது. பக்கச் சுவர் வழுக்கும், பிடிமானம் கிடையாது, நீர் குளிர்ந்திருக்கும். கயிறு கட்டியிருந்தால் இழுத்துவிடலாம் என்று நீங்கள் எண்ணலாம். வழுக்கும் தரையில் குனிந்து நிற்கிற ஒருவர் இன்னொருவரை நேர்மேலாக இழுத்துப் பாருங்கள், தெரியும்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத காற்று. சதுரப் பள்ளங்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பைரைட் துருவாக மாறும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வாய் ஓரளவு மண் மூடிய, காற்றோட்டம் இல்லாத ஒரு முட்டுச்சுரங்கத்தில் இந்த வேலை இரவு பகலாக நடந்துகொண்டே இருக்கிறது. மக்கிப்போகும் முட்டு மரங்களும் தம் பங்குக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டுகின்றன. காற்றைவிடக் கனமான அது பள்ளங்களில் தேங்கும். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. அது 19.5-க்குக் கீழே போனாலே வேலை செய்ய ஏற்ற இடம் இல்லை என்பது பொதுவான பாதுகாப்பு அளவு. பத்துக்குக் கீழே போனால் நினைவு விரைவில் தப்பிவிடும். ஆக்சிஜன் மட்டும் குறைந்த காற்றில் மூச்சுத் திணறுவது போன்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் வராது, ஏனெனில் உடம்புக்கு அவசரத்தை உணர்த்துவது கரியமில வாயுவின் மிகுதிதான், ஆக்சிஜன் குறைவு அன்று.

பழைய கிணற்றில் தூர்வார இறங்குவதற்கு முன் எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. விளக்கு அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். அது நல்ல வழக்கம்தான், ஆனால் அரைகுறை. ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கினால்தான் தீபம் அணையும். அதற்கு முன்பே மனிதரின் நிதானம் குலையத் தொடங்கியிருக்கும். உங்கள் தலையில் மாட்டிய மின்விளக்கோ எந்தக் காற்றிலும் ஒரே மாதிரி எரியும். அந்த வகையில் அரிக்கேன் விளக்கைவிட அது ஆபத்தானது. கிணறுகளிலும் கழிவுத் தொட்டிகளிலும் நடக்கிற விபத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே போவார்கள். நால்வராகப் போவதை நீங்கள் பாதுகாப்பு என்று கருதுகிறீர்கள். சுரங்கத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

வெளவால், பாம்பு, கரடி ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. இருண்ட, குளிர்ந்த, மனித நடமாட்டம் இல்லாத பொந்தை எல்லா உயிர்களும் விரும்பும். வெளவால்கள் அடையும் இடத்தில் காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதில்லை.

இவ்வளவும் இருந்தும் மனிதர்கள் இறங்கத்தான் செய்கிறார்கள். தேவாலாவைச் சுற்றித் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுவது பல ஆண்டுகளாக நடந்துவருவது. பிடிபட்டவர்களும் உண்டு, மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இங்கே தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் சிலர், தோட்டக் கூலி போதாத காலங்களில் இந்தக் குழிகளை நம்பியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மியில் அரைத்த கல்தூளை அந்த வீட்டு அக்கா ஒரு தட்டில் நீர் விட்டு ஆட்டி ஆட்டி வடித்தார். வெள்ளைத் தூள் முழுவதும் போய்க் கடைசியில் கருமணல் ஒரு பிறைபோல் தட்டின் ஓரத்தில் நின்றது. பிறையின் நுனியில் மஞ்சளாக ஒரு கீற்று, நூலிழை அளவுதான். அதில் துளி 'ரசம்', அதாவது பாதரசம், விட்டு விரலால் தேய்த்து, பழைய வேட்டித் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தார். துணிக்குள் தங்கிய சாம்பல்நிற உருண்டையைக் கரண்டியில் வைத்து, சோறு பொங்கும் அதே அடுப்பில் காட்டினார். பாதரசம் ஆவியாகிப் போக, கரண்டியில் எஞ்சியது கடுகளவுப் பொன். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிள்ளைகளை இன்னும் விரைவாகக் கெடுக்கும் என்று அன்று நான் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, "வாத்தியாரே, அரிசி வாங்க வேணுமே" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் எழவில்லை.

பாதரசத்தை ஒழிப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1880-களில் ஆலைகளிலிருந்து அடித்துப்போன பாதரசமும், பின்னாளில் வீடுகளிலிருந்து போனதும் இந்த ஓடைகளின் அடியில்தான் எங்கோ சேர்ந்திருக்க வேண்டும். பழைய ஆலைகளின் கீழுள்ள ஓடைச் சேற்றைக் கிளறி விளையாட வேண்டாம் என்று நான் மாணவர்களிடம் சொல்லி வந்ததற்கு அதுவே காரணம்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. இங்கே ஒவ்வொரு குன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு: வனத்துறை, டான்டீ, தனியார் தோட்டம், அல்லது 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் வழக்கில் கிடக்கும் நிலம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். தோட்டத்துக்குள் மேலாளரின் இசைவு வேண்டும். சுரங்கத்துக்குள் போக அனுமதி தரும் அதிகாரி யாரும் எனக்குத் தெரிந்து இல்லை; கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. தங்கம் எடுப்பது, சுரங்கத்திலானாலும் ஓடையிலானாலும், 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி உரிமம் இன்றிச் செய்யக்கூடாத காரியம். மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

ஆகவே கயிற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மழை ஓய்ந்து காடு இன்னும் காயாத மார்கழி, தை மாதங்கள் நல்லவை. ஆனி முதல் புரட்டாசி வரை மழையும் அட்டையும் உங்களை நடக்கவிடா. மாசிக்குப் பிறகு காட்டுத்தீ அச்சத்தால் வனத்துறை பாதைகளை மூடிவிடுவதுண்டு. சொந்த வண்டியில் வருவதானால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; வழியில் ஊசிமலையில் நின்று பாருங்கள். கூடலூர்ப் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் மேற்கே அடுக்கடுக்காக இறங்கும் தங்கப் பூமியும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் விளங்கும். கூடலூரிலிருந்து பந்தலூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நடுவில் நாடுகாணியில் ஒரு சாலை நிலம்பூருக்கு இறங்க, மற்றொன்று தேவாலாவுக்குத் திரும்பும்.

தேவாலாவில் உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்குப் பிறகு நடக்கத் தொடங்குங்கள். விடியலிலும் மாலையிலும் யானைகள் இதே பாதைகளில் வரும். துணைக்கு வருபவர் நில் என்றால் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்க வேண்டாம். மகனிடம் சொல்லி, சுரங்க வாயைத் தேடாமல் முதலில் குன்றின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். தேயிலை வரிசைகளின் ஒழுங்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நீண்ட பள்ளம் ஓடினால், அது வரியைத் தொடர்ந்து மேலிருந்தே தோண்டிய இடமாக இருக்கலாம். குன்றைச் சுற்றி ஒரே மட்டத்தில் வளைந்து போகும், இன்று நடைபாதையாகிவிட்ட ஒடுங்கிய வாய்க்கால் தடம் தெரிந்தால், ஆலைக்கு நீர் கொண்டுபோன வழியா என்று பின்தொடர்ந்து பாருங்கள். முடிவில் கட்டுக்கல் அடித்தளமும் அதன் கீழே செடி சரியாக வளராத ஒரு வெளிறிய சரிவும் இருந்தால் உங்கள் ஊகம் சரி. அந்தச் சரிவு, இடித்துக் கழித்த கல்தூள் கொட்டிய இடம். சிறிய, வட்டமான, விளிம்பில் புதுமண் குவிந்த குழிகளைக் கண்டால் அவை பழையவை அல்ல. அருகில் போகாமல் சுற்றிக்கொண்டு செல்லுங்கள், விளிம்பே உள்வாங்கக்கூடும். வழியில் சுரங்க வாய் ஏதேனும் கண்ணில் பட்டால் பத்தடி தள்ளி நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பவர் பின்னால் நகரும்போது காலடியைப் பார்க்க வேண்டும்.

பந்தலூரில் பகலுணவுக்கு நிற்கும்போது, கடைத்தெருவில் வயது முதிர்ந்தவர்களிடம் ரிச்மண்ட் எங்கே, கிளென்ராக் எங்கே என்று வழி கேளுங்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள். கல்குவியலில் எடுத்துப் பார்த்த வெங்கச்சங்கல்லை, சதுரப் பள்ளங்களை எண்ணி முடித்ததும், எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரும்படி பையன்களிடம் சொல்லிவிடுங்கள்.